அரசுக் கல்லூரி என்றால் என்ன குறைச்சல்?

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளிவந்த வாரத்தில் தமிழ்நாட்டின் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "எந்தக் காலேஜ்?" பக்கத்து டவுன் அரசு கலைக் கல்லூரியின் பெயரைச் சொன்னால் கேட்டவரின் முகம் சுருங்குகிறது. "நல்ல மார்க்தானே, அங்கேயா சேர்த்தீங்க?" என்கிறார். சென்னைப் புறநகரில் கண்ணாடிக் கட்டடம் எழுப்பியிருக்கும் ஏதோவொரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தைச் சொன்னால் அதே முகம் மலர்கிறது. யார் பாடம் நடத்துகிறார்கள், நூலகம் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்பதில்லை. கொஞ்சம் நெருங்கிக் கேட்டால் உண்மையான காரணம் வெளியே வரும்: "அங்கே கிரவுடு சரியில்லைங்க."

இந்தக் 'கிரவுடு' யார்? கட்டட வேலைக்குப் போகிறவரின் மகள். தூய்மைப் பணியாளரின் மகன். செங்கல் சூளையிலிருந்தும் மலைக்கிராமத்திலிருந்தும் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளை. சேரிப் பிள்ளைகளோடு என் பிள்ளை உட்காருவதா என்று தாத்தா வெளிப்படையாகக் கேட்டார். பேரன் அதையே ஆங்கிலச் சொல்லில் கேட்கிறான். சாதிக் கௌரவம் இப்போது கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். அரசுக் கல்லூரியில் 69 சதவீத இடஒதுக்கீடு உண்டு: பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. 1951இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தையும், 1994இல் 76ஆவது திருத்தத்தையும் கொண்டுவர வைத்துத் தமிழ்நாடு காப்பாற்றிக்கொண்ட உரிமை இது. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இதைப் பின்பற்றுவதில்லை. ஆக, எந்த இடத்தில் நாம் சட்டப்படி நிறைந்திருக்கிறோமோ அந்த இடம் 'மட்டம்'. எந்த இடத்தில் பணம் மட்டுமே நுழைவுச் சீட்டோ அந்த இடம் 'தரம்'. இந்தத் தரப்பட்டியலைத் தயாரித்தது யார் என்று நாம் கேட்க வேண்டாமா?

அந்தத் தரத்தின் விலை என்ன? கல்விக் கடன் 7.5 இலட்சத்தைத் தாண்டினால் பொதுவாக வங்கி சொத்து அடமானம் கேட்கும். நிலமற்றவர் எதை வைப்பார்? சரி, கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 8 இலட்சம் ரூபாய், 10 சதவீத வட்டி, 10 ஆண்டு என்றால் மாதம் சுமார் 10,500 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் சேரும் வட்டி இதில் சேரவில்லை. முதல் வேலையில் இருபதாயிரம் வாங்கும் பிள்ளைக்கு அதில் பாதி போய்விடும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் பொறியியல் சேர்ந்தால் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் கிடையாது. அது கலந்தாய்வு வழியாகச் சேர்கிறவர்களுக்குத்தான்.

இந்தப் பக்கம் பாருங்கள். அரசு கலைக் கல்லூரியில் கற்பிப்புக் கட்டணம் இல்லை. மற்ற கட்டணங்கள் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. இதை 'இலவசம்' என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள், தங்கள் பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கிடைத்த நிலத்தையும் வீட்டையும் சிபாரிசையும் மட்டும் 'திறமை' என்பார்கள்.

வேலை கிடைக்குமா என்ற பயம் நியாயமானது. பெரிய கம்பெனிகள் கல்லூரிப் பெயர் பார்க்கின்றன, உண்மைதான். ஆனால் டிஎன்பிஎஸ்சி தேர்வில் கல்லூரிப் பெயருக்கு மதிப்பெண் கிடையாது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமையும் உண்டு. பள்ளியிலிருந்து தமிழ்வழியில் வந்த பிள்ளை, தமிழ்வழிப் பட்டப்படிப்பைத் தொடர அரசுக் கல்லூரிதான் இடம் தருகிறது.

"அம்பேத்கர் கொலம்பியாவுக்குப் போனாரே, நாங்கள் மட்டும் உள்ளூரிலேயே கிடக்க வேண்டுமா?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கிடக்க வேண்டாம். ஐஐடியும் மத்தியப் பல்கலைக்கழகமும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் நமக்கும் உரியவை. இடஒதுக்கீட்டோடும் உதவித்தொகையோடும் கிடைத்தால் விடாதீர்கள். 1913இல் அம்பேத்கர் கொலம்பியா போனதும் பரோடா மன்னரின் உதவித்தொகையில்தான், அப்பாவின் வீட்டை அடகு வைத்து அல்ல. திரும்பி வந்தவர் என்ன செய்தார்? 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். 1946இல் பம்பாயில் சித்தார்த் கல்லூரி. வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று அங்கே காலை வகுப்புகள். 1950இல் கல்வியில் பின்தங்கிக் கிடந்த மராத்வாடாவின் ஔரங்காபாத்தில் இன்னொரு கல்லூரி. எளிய மக்கள் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நல்ல கல்லூரி இருக்க வேண்டும் என்பதே அவர் எடுத்த முடிவு.

பெரிய பெயர் சாதியிலிருந்து காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் 2016 ஜனவரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் பெயர் ரோகித் வெமுலாவைக் காப்பாற்றவில்லை.

'உள்ளூர்' என்பதிலும் கவனம் வேண்டும். "பொண்ணு கண் முன்னாடியே இருக்கட்டும்" என்று சாதியைக் காக்க உள்ளூர்க் கல்லூரியில் பூட்டிவைக்கும் குடும்பங்கள் உண்டு. அந்தத் தங்கைக்கு நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அரசுக் கல்லூரியும் அரசு விடுதியும்தான் விடுதலை. நாம் கேட்பது மக்கள் பணத்தில் நடக்கும் கல்லூரியை. வீட்டுப் பக்கத்தில் ஒரு காவலை அல்ல.

அரசுக் கல்லூரிகளில் குறையே இல்லையா? நிறைய இருக்கிறது. பல துறைகளைக் கௌரவ விரிவுரையாளர்கள்தான் தாங்கி நிற்கிறார்கள். அவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்னது. இங்கே அதற்கு வெகு கீழேதான் தருகிறார்கள். ஆய்வகத்தில் கருவி இல்லை, கழிப்பறையில் தண்ணீர் இல்லை. சமூகநீதி பேசும் அரசு இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் வசதியும் குரலும் உள்ளவர்கள் எல்லோரும் வெளியேறிவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்பது யார்? அரசுப் பள்ளியை அப்படித்தான் கைவிட்டோம். கல்லூரியையும் கைவிட்டுவிட்டால் அடுத்த தலைமுறைக்குக் கடன் பத்திரம் மட்டும்தான் மிஞ்சும்.

உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021-22 கணக்குப்படி இந்தியாவில் 28.4, தமிழ்நாட்டில் 47. இதில் அரசுக் கல்லூரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே சேருங்கள். பேராசிரியரைக் கேளுங்கள், ஆய்வகத்தைக் கேளுங்கள், மாணவர் தேர்தலைக் கேளுங்கள். அடுத்த முறை யாராவது "எந்தக் காலேஜ்?" என்று கேட்டால் சத்தமாகச் சொல்லுங்கள்: கவர்ன்மென்ட் காலேஜ்!