போர் விமானம் இல்லாத விமானப்படை

2001 டிசம்பரில் நியூசிலாந்து தன் விமானப்படையின் மூன்று ஸ்குவாட்ரன்களைக் கலைத்தது. 17 ஸ்கைஹாக் போர் விமானங்கள், 17 ஏர்மாக்கி பயிற்சி ஜெட்கள் என எல்லாமே சேவையிலிருந்து விலக்கப்பட்டன. வானில் எதிரியோடு மோதுவதற்கென்று ஒரு விமானம்கூட அந்த நாட்டிடம் மிஞ்சவில்லை. பிரதமர் ஹெலன் கிளார்க்கின் அரசு அதற்கு முந்தைய ஆண்டே இன்னொரு முடிவையும் எடுத்திருந்தது. பாகிஸ்தானுக்காகத் தயாரிக்கப்பட்டு, அமெரிக்கத் தடையால் அங்கே போகாமல் நின்றுவிட்ட 28 எஃப்-16 விமானங்களைக் குத்தகைக்கு எடுக்க முந்தைய அரசு போட்ட ஒப்பந்தத்தை அது ரத்து செய்தது.

நாட்டின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு இன்றுவரை ஓயவில்லை. ஆனால் அந்த முடிவு சரியானது. தவறு நடந்தது அதற்குப் பிறகு.

அன்றைய கோபத்தைப் புரிந்துகொள்ள முடியும். நியூசிலாந்து விமானப்படை 1937 ஏப்ரல் 1 அன்று தனிப் படையானது. இரண்டே ஆண்டில் உலகப்போர் மூண்டது. தனக்கென்று வாங்கிய 30 வெலிங்டன் குண்டுவீச்சு விமானங்களை ஆட்களோடு சேர்த்து பிரிட்டனின் பொறுப்பில் விட்டது அந்தச் சிறிய நாடு. அந்த வழியில் உருவானதுதான் 75-வது ஸ்குவாட்ரன். 1941 ஜூலையில் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரைத் தாக்கிவிட்டுத் திரும்பிய அதன் விமானம் ஒன்றில், வலது எஞ்சின் அருகே தீப்பற்றியது. 22 வயது ஜேம்ஸ் வார்ட் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வெளியே இறங்கினார். 13,000 அடி உயரம், நள்ளிரவு, ஆளைத் தூக்கியெறியும் காற்று. துணி போர்த்திய இறக்கையை உதைத்து ஓட்டை போட்டு, அதில் கையையும் காலையும் ஊன்றி நகர்ந்து, கித்தான் உறையால் தீயை அமுக்கினார். விமானம் பத்திரமாக வீடு திரும்பியது. அவருக்கு விக்டோரியா கிராஸ் வீர விருது கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து ஹாம்பர்க் வானில் உயிர் நீத்தார். போருக்குப் பின் பிரிட்டன் ‘75’ என்ற எண்ணையே நியூசிலாந்துக்குக் கொடுத்து கௌரவித்தது. 2001இல் கலைக்கப்பட்ட மூன்றில் அதுவும் ஒன்று. இப்படிப்பட்ட பெயரை ஓர் அரசாணையால் அழிக்கும்போது வலிக்கத்தான் செய்யும்.

வலி ஒரு புறம் இருக்கட்டும். 1970இல் வந்த ஸ்கைஹாக்குகள் 31 ஆண்டுகளில் ஒரு போரிலும் குண்டு வீசவில்லை. அணு ஆயுதக் கப்பல்களுக்கு நியூசிலாந்து துறைமுகங்களை மூடியதால் 1980களில் அமெரிக்கா தன் பாதுகாப்பு உறுதியை விலக்கிக்கொண்டபோதும், அந்த விமானங்களைப் பயன்படுத்தும் தேவை எழவில்லை. நாட்டைச் சுற்றி ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கடல். மக்கள் தொகை 50 லட்சத்தைச் சற்றே தாண்டும். ஆனால் அந்த நாட்டின் பொருளாதாரக் கடல் மண்டலம் சுமார் 40 லட்சம் சதுர கிலோமீட்டர். தேடுதல், மீட்புக்கு அது பொறுப்பேற்றிருக்கும் பரப்போ சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர்; தென் துருவம் வரை நீள்கிறது. இவ்வளவு பெரிய கடலுக்குக் காவல் நிற்கும் நாட்டுக்கு நெடுந்தூரம் பறந்து பார்க்கும் கண்ணும், பாரம் சுமக்கும் தோளும்தான் முதலில் வேண்டும்.

2022 ஜனவரி 15இல் டோங்காவில் கடலடி எரிமலை வெடித்தது. கடலடி கேபிள் அறுந்ததால் அந்தத் தீவு நாடு உலகத்தோடு பேச முடியாமல் போனது. இரண்டு நாளில் நியூசிலாந்தின் ஓரியன் கண்காணிப்பு விமானம் மேலே பறந்து சேதத்தைப் படமெடுத்தது. நிவாரணத்தோடு ஹெர்குலிஸ் சரக்கு விமானம் புறப்படத் தயாராக இருந்தும் இறங்க இடமில்லை. ஓடுதளம் முழுக்கச் சாம்பல். மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக டோங்கா மக்கள் அதை அள்ளிக் கொட்டி முடித்த பிறகு, 20ஆம் தேதி குடிநீரோடு அந்த விமானம் இறங்கியது. மறு ஆண்டு கேப்ரியல் புயலில் நியூசிலாந்தின் ஹாக்ஸ் பே பகுதி மூழ்கியபோது, கூரைகளில் தவித்தவர்களைக் கயிறு இறக்கித் தூக்கியவை இதே படையின் என்எச்-90 ஹெலிகாப்டர்கள்.

இந்த வேலைக்கான விமானங்களை அடுத்தடுத்து வந்த அரசுகள் எந்த நிலையில் வைத்திருந்தன? போர் விமானங்களை விட்டதன் காரணமே இந்தப் பணிகளைப் பலப்படுத்துவது என்றால், சரக்கு விமானங்கள்தான் முதலில் மாறியிருக்க வேண்டும். 1965இல் வாங்கத் தொடங்கிய ஹெர்குலிஸ்கள் 2025 ஜனவரி வரை ஓடின. அறுபது ஆண்டுகள்! 2022 அக்டோபரில் அண்டார்டிகா சென்ற பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன், ஹெர்குலிஸ் பழுதானதால் இத்தாலிய விமானத்தில் ஊர் திரும்பினார். 2024 ஜூனில் பிரதமர் கிறிஸ்டோபர் லக்சன் ஜப்பான் செல்லும் வழியில், படையின் பழைய போயிங் 757 பப்புவா நியூ கினியில் நின்றுவிட்டது. அவர் பயணிகள் விமானத்தில் ஏறிப் போனார். பிரதமர்களுக்கு வேறு விமானம் கிடைத்துவிடும். புயலில் சிக்கிய ஒரு தீவுக்கு அனுப்ப வேண்டிய நாளில் அந்த விமானம் நின்றால் என்ன செய்வது?

2025 பிப்ரவரியில் சீனப் போர்க்கப்பல்கள் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடைப்பட்ட டாஸ்மன் கடலில் சுடும் பயிற்சி நடத்தி, பயணிகள் விமானங்களைத் திசைமாறிப் பறக்க வைத்தன. போர் விமானங்களை மீண்டும் வாங்க வேண்டும் என்பவர்கள் இதைச் சுட்டிக்காட்டுகிறார்கள். கவலை நியாயமானது, தீர்வுதான் பொருந்தவில்லை. சர்வதேசக் கடலில் நிற்கும் கப்பலை ஒரு டஜன் ஜெட்களால் விரட்டிவிட முடியாது. அதன் மேல் கண் வைப்பதே செய்யக்கூடிய வேலை. ஓரியன்களுக்குப் பதிலாக வந்த நான்கு பி-8 போசைடன்கள் அதற்கு உரியவை. நான்கு போதுமா என்று கேட்பதில்தான் அர்த்தம் இருக்கிறது. ஒரு போர் விமானப் பிரிவை வெறுமையிலிருந்து கட்ட விமானி, பயிற்றுநர், பழுது பார்ப்பவர், ஆயுதக் கிடங்கு என்று ஆண்டுக்கணக்கில் பணம் கரையும். அந்தப் பணம் போசைடனிடமிருந்தும் ஹெர்குலிஸிடமிருந்தும்தான் பிடுங்கப்படும்.

2025 ஏப்ரலில் வந்த பாதுகாப்புத் திட்டம் நான்கு ஆண்டுகளுக்கு 1,200 கோடி நியூசிலாந்து டாலர் ஒதுக்கியது. அதில் போர் விமானம் இல்லை. புதிய ஹெர்குலிஸ்கள் ஐந்தும் வந்து சேர்ந்துவிட்டன. 757களுக்கு மாற்றாக இரண்டு ஏர்பஸ் ஏ-321 விமானங்கள் வரவிருக்கின்றன. பட்ஜெட் நெருக்கடி என்று சொல்லி அந்த இரண்டையும் தள்ளிப்போடும் யோசனை தலைநகர் வெலிங்டனில் எழுந்தால், நாடாளுமன்றம் அதை அனுமதிக்கக் கூடாது.