போனை வைத்தால் நித்திரை வந்துவிடுமா?

"நித்திரை வருதில்ல" என்று வீட்டில் சொன்னால் எங்கள் வயதுக்காரருக்குக் கிடைக்கிற தீர்ப்பு ஒன்றுதான்: "முதல்ல அந்தப் போனை வை." போனிலும் பிழை இருக்கு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு வருத்தத்தைக் கெட்ட பழக்கமாக்கிப் பேசிப் பேசியே, அதற்கு வைத்தியம் இருக்கு என்பதைப் பலர் அறியாமல் விட்டுவிட்டோம்.

வாவியில் இரவு வலை போட்டு விடியக் கரையேறுகிறவருக்கு நித்திரை குறைவு. ஆனால் பாயில் சரிந்தால் உறங்கிவிடுவார். சோதனைக்கு முதல்நாள் முழித்திருக்கிற நாங்களும் அப்படித்தான். அது நித்திரையின்மை இல்லை. படுக்க நேரமும் இடமும் இருந்தும் நித்திரை வராமல், அல்லது நடுச்சாமத்தில் முழித்துத் திரும்ப உறங்க ஏலாமல், மறுநாள் வேலையும் கெட்டு, இது கிழமைக்கு மூன்று இரவாவது, மூன்று மாதம் தொடர்ந்தால்தான் நாட்பட்ட நித்திரையின்மை.

போன் இல்லாத காலத்திலும் இங்கே ஆட்கள் உறங்காமல் கிடந்தார்கள். 1990 செப்டம்பர் 5ஆம் திகதி, கிழக்குப் பல்கலைக்கழக வந்தாறுமூலை வளாகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். திரும்பி வரவில்லை. 2004 டிசம்பர் 26இல் நாவலடியைக் கடல் கொண்டுபோனது. நாய் குரைத்தாலே எழும்பி உட்காருகிற அம்மம்மாக்களை நாங்கள் எல்லாரும் அறிவோம். கேட்டால் "வயசுக்கு அப்படித்தான் மனே" என்பார்கள். வயசு மட்டுமா? முழித்திருந்ததால் உயிர் தப்பிய உடம்பு இன்னும் காவல் இருக்கிறது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் தமிழில் எழுதிய நூலுக்கு 'மனவடு' என்றே பெயர். அந்தச் சொல் எங்கள் வீடுகளுக்குள் இன்னும் வரவில்லை.

வந்தது குளிசைதான். விடுதியில் நித்திரைக்கென்று தடுமல் குளிசை விழுங்குகிறார்கள். சில நாளில் அது வேலை செய்வது குறையும், காலை விரிவுரையில் தலைப்பாரம் மட்டும் மிஞ்சும். நித்திரைக் குளிசைகள் பொதுவாகச் சில கிழமைகளுக்கு மட்டுமானவை. அதை வருசக்கணக்காகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். (திடீரென்று நிறுத்தவும் கூடாது, டொக்டரிடம் கேட்டுப் படிப்படியாகத்தான்.)

நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதலில் கொடுக்கவேண்டியது அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. பெயர்தான் பெரிசு. தினமும் ஒரே நேரத்தில் எழும்ப வேணும். இருபது நிமிசம் போலப் படுத்தும் வராவிட்டால் எழும்பி, மங்கிய வெளிச்சத்தில் இருந்து, கண் சொக்கும்போது திரும்பிப் படுக்க வேணும். ஒன்பது மணித்தியாலம் புரண்டு ஆறு மணித்தியாலம்தான் உறங்குகிறீர்களா? படுக்கிற நேரத்தையும் ஆறாகக் குறைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். வலிப்பு, இருமுனைக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கடைசி முறையைத் தாங்களாகச் செய்யக்கூடாது.

கட்டில் உறங்க மட்டும்தான் என்பதும் அதில் ஒரு விதி. விடுதியில் கட்டில்தான் மேசை, கதிரை, சாப்பாட்டு இடம் எல்லாம்! நடுச்சாமத்தில் எழும்பி இருக்க ஒரு மூலை கேட்பது ஆடம்பரம் இல்லை. இந்தச் சிகிச்சையை எங்கள் பேச்சுத் தமிழில் சொல்லித்தர வளாகத்திலேயே ஒருவர் வேணும் என்றும் கேட்கிறோம்.

இப்போதைக்கு, 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகுமுன் இரண்டு கிழமைக்கு, எத்தனை மணிக்குப் படுத்தோம், எத்தனை மணிக்கு முழித்தோம் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அம்மம்மாவுக்கும் ஒரு கொப்பி.