குட்டியானையும் கிர்ர்ர் சத்தமும்

மக்களே, இந்த வாரம் கோடிங், ஆபீஸ் புலம்பல் எதுவும் கிடையாது. பிரேக் பத்தி ஒரு புலம்பல்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாமாகிட்ட 2010 மாடல் டாடா ஏஸ் இருக்கு, அதாங்க குட்டியானை. பாண்டி மார்க்கெட்டுக்குக் காய்கறி அடிக்கிற வண்டி. கோலியனூர் கூட்டுரோடுகிட்ட பிரேக் போட்டாரு, முன் சக்கரத்துலேர்ந்து கிர்ர்ர்னு ஒரு சத்தம்.

"ஒரு மாசமா இப்படித்தான் மாப்ள. பிரேக் புடிக்குது இல்ல?"

எனக்கு வயிறு கலங்கிடுச்சு. பேட் முழுசா தேஞ்சு, அதோட இரும்புத் தகடு நேரா டிஸ்க்கை அரைக்கிற சத்தம் அது.

பட்டறையில வீலைக் கழட்டினா டிஸ்க் ஓரம் வரப்பு மாதிரி நிக்குது. "லேத்துல ஒரு சீவு சீவி, புது பேட் போட்டா ஓடும் தம்பி"ன்னாரு மெக்கானிக் அண்ணன். மாமா ஒரு படி மேல போயி, "சத்தம் வர்ற சைடு மட்டும் மாத்து"ன்னாரு.

ரெண்டுமே தப்புங்கறது என் கட்சி. ஓடுற வண்டியோட வேகத்தைச் சூடா வாங்கிக்கிறதே டிஸ்க்தான். மெலிஞ்ச டிஸ்க் சீக்கிரம் கொதிக்கும், பேட் பிடிப்பு குறையும். 50-ல போற வண்டியை நிறுத்தறதை விட 60-ல போறதை நிறுத்த 44 சதவீதம் கூடுதல் சூடு. இதுல லோடு வேற. கம்பெனிக் கணக்கு முக்கா டன். மாமா கணக்கு... வேணாம் விடுங்க.

எவ்வளவு மெலியலாம்னு டிஸ்க்லயே குறைந்தபட்ச கனம் குத்தியிருக்கும். வெர்னியரை அப்படியே வெச்சா வரப்பையும் சேர்த்துக் காட்டிடும். ரெண்டு பக்கமும் ஒரு ரூபாய் காசு வெச்சு அளந்து, காசு கனத்தைக் கழிச்சேன். ஏற்கனவே குறைஞ்சு போச்சு! இதுல எங்க சீவறது? ஒரு சைடு மட்டும் மாத்தினா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.

மாமாவைக் கஞ்சன்னு சொல்லமாட்டேன். வண்டி நின்னா அன்னிக்கு வருமானம் இல்ல. ஆனா எட்டு வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. அதுக்கு பெயின்ட் அடிக்க மட்டும் காசு எங்கிருந்து வருது? முன்னாடி தொங்குற எலுமிச்சம்பழம் கூட வாராவாரம் மாறுது, பேட் மாறலை.

கடைசியில ரெண்டு பக்கமும் புது டிஸ்க், புது பேட். மெக்கானிக் காத்தடிச்சுத் தூசியை ஊதப் போனாரு, தடுத்து ஈரத்துணி குடுத்தேன். பழைய பேட்ல கல்நார் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. புது டிஸ்க்ல துருப்பிடிக்காம இருக்கத் தடவின எண்ணெயையும் துடைச்சோம். முதல் அழுத்துல பெடல் தரையைத் தொட்டுச்சு, மாமா மூஞ்சியைப் பார்க்கணுமே! பிஸ்டனை உள்ள தள்ளி பேட் மாட்டினா அப்படித்தான், நாலஞ்சு தடவை மிதிச்சதும் சரியாச்சு.

விழுப்புரம் வரைக்கும் ஓட்டிட்டு வந்து மாமா சொன்னது:

"சத்தமே இல்ல மாப்ள. பிரேக் புடிக்குதான்னே தெரியல." :-)