மலைக்குச் சென்ற வீரனும் மண்ணை எழுதிய கையும்

மலைமுகடுகளில் நிகழும் வீரச்செயல்களைக் கூறும் கதைகளை மாணவர் பெரிதும் விரும்பிப் படிப்பர். அவ்விருப்பம் குறைகூறத் தக்கதன்று. ஆயின், அக்கதைகள் பலவற்றின் தலைவன் பசியறியான்; குளிரறியான்; அச்சமும் அறியான். அவன் வீரனல்லன், வெறும் பாவை என்பதே எமது கருத்து. அஞ்சியும் கடமையில் நின்றவனே வீரன். அவன் உள்ளத்தை உள்ளவாறு எழுதவல்லார் அந்நிலையில் தாமும் நின்றவரே.

இதற்குச் சான்றாக நிற்பவர் மலையாள நாவலாசிரியர் கோவிலன். வி. வி. ஐயப்பன் என்பது இவரது இயற்பெயர். கேரளத்துக் கண்டாணசேரியில் 1923 இற் பிறந்த இவர், 1943 முதல் 1946 வரை கடற்படையிலும், 1948 முதல் 1968 வரை இந்திய இராணுவத்தின் செய்தித் தொடர்புப் பிரிவிலும் பணியாற்றினார். அப்படைவாழ்விலே தோன்றிய நாவல்களுள் ஒன்று ‘ஹிமாலயம்’. அவருடைய படைக்கதைகளில் வெற்றி முழக்கத்தினும் சிப்பாயின் பசியும் தனிமையுமே மேலோங்கி ஒலிக்கும். பிற்காலத்தில் அவர் இயற்றிய ‘தட்டகம்’ தாம் பிறந்த ஊரையே பொருளாகக் கொண்டது. 1998 இற் சாகித்திய அக்காதெமிப் பரிசும் பெற்றது. 2010 இல் அவர் மறைந்தார்.

எமது வன்னியில் வானளாவும் மலையில்லை. காடும் குளமும் வயலுமே உண்டு. அக்காட்டுப்புற வாழ்வை அ. பாலமனோகரன் 1973 இல் ‘நிலக்கிளி’ நாவலாக்கினார். அதன்பின் இம்மண் கண்டதோ நெடும்போர். 2009 இல் அது முடிவுற்றபோது பிறந்தேயிராத பிள்ளைகள் பலர் இன்று எமது வகுப்புகளில் அமர்ந்துள்ளனர். போர் என்பதை அவர்கள் திரைப்படத்தாலும் கைத்தொலைபேசி விளையாட்டாலுமே அறிகின்றனர்.

ஆறாத புண்ணைக் கிளறலாகாது என்பாரும் உளர். அவர் கூற்று இரக்கத்தால் எழுந்தது. பேச விரும்பாதாரை வற்புறுத்துதல் தகாது என்பதை நாமும் ஒப்புகின்றோம். எனினும், பட்டவர் யாவரும் வாளாவிருப்பின் படாதவரே எழுதுவர். அவர் எழுத்தில் போர் மீண்டும் அழகுபெறும். இளைஞர் அதற்கு மயங்குவர். இதனினும் பெருங்கேடு வேறுண்டோ?

ஆதலின், பழைய மாணவர்களே, படையில் நின்றவராயினும் பதுங்குகுழியில் இருந்தவராயினும், எழுத இயன்றவர் எழுதுக. வீரம் பேசவேண்டா. ஒரு பானைக் கஞ்சியை எத்தனை பேர் பகிர்ந்தீர்கள், தறப்பாளின்கீழ் மாரிகாலத்தை எவ்வாறு கழித்தீர்கள் என்பவற்றை எழுதினாலே போதும். எமது மாணவர் தம் ஊரை அதனால் அறிவர்.