முதலில் குதிரைக்கு, பிறகு நமக்கு



பள்ளி முகாம்களைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாகவே உண்டு. ஆண்டுதோறும் கூடாரம் அடிக்கிறோம், தீ மூட்டிப் பாடுகிறோம், நற்சான்றிதழ் வழங்குகிறோம். இவற்றால் நம் பிள்ளைகள் கற்றது என்ன? இக்கேள்விக்கு என்னிடம் தெளிவான விடை இருந்ததில்லை. 2023 ஆகஸ்டு இறுதியில், பள்ளி விடுமுறையின்போது, 12 வயது மகனுடன் கிர்கிஸ்தான் மலைகளில் 3 நாள் குதிரைப் பயணம் மேற்கொண்டேன். விடையின் ஒரு பகுதி அங்கே கிடைத்தது.

கிசார்ட் என்னும் சிற்றூரிலிருந்து சோங் கோல் ஏரிக்குச் சென்றோம். கடல் மட்டத்திலிருந்து 3,016 மீட்டர் உயரத்தில் உள்ள ஏரி அது. சுற்றிலும் மரமே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளிதான். கோடையில் இடையர் குடும்பங்கள் மந்தைகளோடு அங்கே ஏறி வந்து, கம்பளியால் போர்த்திய வட்டக் கூடாரங்களில் வாழ்கின்றன. அந்த மேய்ச்சல் நிலத்தை 'ஜைலூ' என்கிறார்கள். விறகு கிடைக்காத இடமாதலால் காய்ந்த சாணமே அடுப்பெரிக்க உதவுகிறது.

முதல் நாள் மாலை. ஆறு மணி நேரம் சேணத்தில் அமர்ந்திருந்த களைப்பு. இறங்கியதும் மகன் கடிவாளத்தை என் கையில் திணித்துவிட்டுக் கூடாரப் பையை நோக்கி ஓடினான். உண்மையைச் சொன்னால், எனக்கும் தேநீர் நினைவுதான். வழிகாட்டி எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. சேணத்தை இறக்கி, குதிரையின் முதுகை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு மகனை அழைத்து, அவன் விரல்களை ஓரிடத்தில் வைத்தார். அங்கே தோல் சூடாகவும் சற்றே வீங்கியும் இருந்தது. அன்று காலையில், தானே செய்வதாக அடம்பிடித்து மகன் விரித்த சேணக் கம்பளியில் ஒரு மடிப்பு இருந்திருக்கிறது. அது நாள் முழுதும் முதுகை அழுத்தியிருக்கிறது. அப்படியே மீண்டும் சேணம் பூட்டினால் புண்ணாகிவிடும்.

மறுநாள் அக்குதிரை வெறும் முதுகுடன் வந்தது. மகனும் வழிகாட்டியும் ஒரு குதிரையை மாற்றி மாற்றி ஏறிக்கொண்டு, பாதி வழி நடந்தே மலையைக் கடந்தார்கள்.

அப்போதுதான் அம்முகாமின் ஒழுங்கு எனக்குப் புரியத் தொடங்கியது. புல்லும் தண்ணீரும் உள்ள இடத்தைக் குதிரைகளுக்காகத் தேர்ந்த பிறகே நம் கூடாரத்திற்கு இடம். வியர்வை அடங்கும்வரை குதிரையைக் கட்டிவைத்து, அதன் பின்னரே தண்ணீர் காட்டி மேயவிடுவது எங்கள் வழிகாட்டியின் வழக்கம். குதிரை நாளொன்றுக்கு 20 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். பகலெல்லாம் நம்மைச் சுமந்ததால், அது வயிறார மேய இரவுதான் வாய்ப்பு. கட்டுவதற்கு மரம் இல்லை. எனவே முன்னங்கால்களைத் தளர்வாகப் பிணைத்து விடுகிறார்கள். மேயலாம், வெகுதூரம் ஓட இயலாது. சேணத்தோடு சேர்த்துச் சுமை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது பலரும் கடைப்பிடிக்கும் அளவு. என் எடை 84 கிலோ! செங்குத்தான இறக்கங்களில் வழிகாட்டி என்னை இறங்கி நடக்கச் சொன்னதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் மாலை ஏரிக்கரையை அடைந்தோம். "சாப்பிடலாமா?" என்று மகனிடம் கேட்டேன். "பொறுங்கள் அப்பா. குதிரைக்கு இன்னும் வியர்வை காயவில்லை," என்றான். வீட்டில் தன் தட்டைக்கூடக் கழுவாத பிள்ளை அவன்.

நம் முகாம்களில் பிள்ளை ஒரு வேலையை மறந்தால் குழுவுக்குப் புள்ளி குறையும். வேறு யாருக்கும் வலிக்காது. தண்ணீர் நிரப்ப மறந்தால் ஆசிரியர் நிரப்பிவிடுகிறோம். உணவு பொட்டலமாக வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, மாலையில் பெற்றோர் பொரித்த கோழியோடு வாசலில் நிற்கிறார்கள். அன்பினால்தான் செய்கிறோம், ஆனால், 'என்னை நம்பி ஓர் உயிர் இருக்கிறது' என்று பிள்ளை உணரும் வாய்ப்பை நாமே பறித்துவிடுகிறோம்.

எல்லாரும் கிர்கிஸ்தான் செல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்குச் செலவு அதிகம். நம் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் பலருக்கு அது இயலாது. ஆபத்தான வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள் என்றும் சொல்லவில்லை. எங்கள் வழிகாட்டி என் மகனைக் குதிரையின் பின்புறம் ஒருமுறைகூட நிற்க விட்டதில்லை. என் வேண்டுகோள் சிறியது. அடுத்த முகாமில் குடிநீரையும் காலை உணவையும் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் முழுமையாக ஒப்படைப்போம். முதலில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு, கடைசியில் அவர்கள் உண்ணட்டும். கஞ்சி தாமதமானால் ஆகட்டும். ஆசிரியர்கள் நாமும் பசியோடு காத்திருப்போம்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. 'தேர்வு இருக்கிறது, நேரமில்லை' என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? சிந்திப்போம், செயல்படுவோம்.