பெரியாறு தண்ணீரும் பையன்கள் கையிலுள்ள பேட்டரியும்



லீவு நாளில் கம்பம், கூடலூர், போடி என்று எந்தத் தெருவில் நடந்தாலும், திண்ணையில் ஒரு போனைச் சுற்றி நாலு பையன்கள் குனிந்திருப்பார்கள். அதில் ஓடுவது பல நேரம் பழைய விளையாட்டு. 2004இல் சோனி கம்பெனி ஜப்பானில் வெளியிட்ட பிஎஸ்பி என்ற கைக்கருவிக்காகச் செய்தது. பழைய கருவியைப் போல இன்றைய போனை நடிக்கவைக்கும் செயலிக்கு எமுலேட்டர் என்று பெயர். பிபிஎஸ்எஸ்பிபி என்ற இலவச எமுலேட்டர் 2012லிருந்து இருக்கிறது.

விளையாடாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. "பேட்டரி நிக்க மாட்டேங்குது சார், பெரிய போன் வாங்கணும்" என்கிறார்களே, அதற்குத்தான் இந்தப் பதிவு. பெரிய போன் வேண்டாம். இருப்பதை அளந்து திறக்கத் தெரிந்தால் போதும் என்பது என் கட்சி.

அளந்து திறப்பது நம் பள்ளத்தாக்குக்குப் புதிதா? முல்லைப் பெரியாறு அணையில் எத்தனை அடி நிற்கிறது, எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பதுதானே டீக்கடையில் நம் முதல் பேச்சு? 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தக் கணக்கில்தான் விளைகிறது. போனும் அப்படித்தான். பேட்டரியில் போட்டிருக்கும் 5000 மில்லி ஆம்பியர் மணி என்பது இருப்பு. விளையாடும்போது இழுக்கும் மின்சாரம் திறப்பு. அந்த பேட்டரியில் சுமார் 19 வாட் மணி இருக்கும். 2 வாட் இழுத்தால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தாங்கும். 5 வாட் இழுத்தால் நாலு மணி நேரம்கூட வராது.

இயற்பியல் வாத்தியாராக ஒன்று சொல்கிறேன். பிராசசர் தின்னும் மின்சாரம் அதிர்வெண்ணோடும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறும். வேகத்தை ஒன்றரை மடங்காக்க மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் போதும், செலவு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் விலை அதிகம்.

இதை அந்தக் கருவிகளைச் செய்தவர்களே அறிந்திருந்தார்கள். பிஎஸ்பியின் பிராசசர் 333 மெகா ஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடியது. ஆனால் 2007 வரை விளையாட்டுகளுக்கு 222 மெகா ஹெர்ட்ஸுக்கு மேல் சோனி கொடுக்கவில்லை. அதற்கும் முன்னால், 1989இல் நின்டெண்டோ விட்ட கேம் பாய்க்குக் கலர் இல்லை, திரையில் விளக்கும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் போடுவது போன்ற நாலு செல்லில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. மறு வருடம் சேகா கம்பெனி விட்ட கேம் கியர் கலராக, வெளிச்சமாக ஜொலித்தது. ஆறு செல்லையும் மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் குடித்துவிட்டது. சந்தையில் ஜெயித்தது கேம் பாய்தான்.

சரி, பையன்கள் என்ன செய்யலாம்? பிஎஸ்பி திரை 480க்கு 272 புள்ளிகள்தான். எமுலேட்டரில் மூன்று மடங்கு என்று வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒன்பது மடங்கு புள்ளிகளைப் போன் வரைய வேண்டும். உள்ளங்கை அளவுத் திரைக்கு இரண்டு மடங்கே தாராளம். 120 ஹெர்ட்ஸ் திரையை 60க்கு இறக்குங்கள். இந்த விளையாட்டுகள் அதற்கு மேல் போவதில்லை. வேகமாக ஓட்டும் பட்டனை விடுங்கள். வெளிச்சத்தைக் குறையுங்கள். சார்ஜ் போட்டபடியே ஆடாதீர்கள். சூடு பேட்டரியின் ஆயுளைத் தின்னும்.

அதற்காக எல்லாவற்றையும் அடிமட்டத்துக்கு இறக்கினால் படம் திக்கும், சத்தம் அறுந்து அறுந்து வரும். மிச்சம் பிடிக்கிறேன் என்று பயிரைக் காயவிடுவது விவசாயம் ஆகுமா? ஆட்டம் தடங்கலில்லாமல் ஓடும் இடம்வரை திறந்து, அங்கே மதகை நிறுத்த வேண்டும்.

"சின்னப் பிள்ளைங்க சந்தோஷத்துல இவ்வளவு கணக்கா?" என்று கேட்பீர்கள். வீட்டுக்கு ஒரே போன் என்ற குடும்பங்கள் இங்கே நிறைய. விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் அம்மாவின் கைக்கும் அதே போன்தான் போகிறது. மலையில் டவர் மங்கும். சிக்னலைத் தேடித்தேடியே போன் கூடுதலாக பேட்டரியைச் செலவழிக்கும். ராத்திரி ஆட்டத்தில் பாதி போய், சார்ஜும் போடாமல் கொடுத்தனுப்பினால், சாயங்காலம் ஜீப் தாமதமாகும் நாளில் அந்த அம்மா வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாது. பேட்டரிக் கணக்கு எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான்.

பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் நடத்தும்போது, இஸ்திரிப் பெட்டி, பல்போடு நிறுத்தாமல் இந்தப் போன் கணக்கையும் கரும்பலகையில் போடுங்கள். வாட் என்றால் என்னவென்று பையன்களுக்கு அன்றைக்கே விளங்கிவிடும். தனக்குப் போக அடுத்தவருக்கும் மிச்சம் வைக்க வேண்டும் என்பதும் சேர்ந்தே விளங்கும்.