இடிபாடுகளும் ஆசிரியர்களே

பயணம் என்றதும் நம்மில் பலருக்குக் கடற்கரையும் கடைத்தெருவும் நிழற்படமுமே நினைவுக்கு வருகின்றன. துணிச்சலான பயணம் என்றால் மலையேறுவதும் ஆற்றைக் கடப்பதுமே என்று எண்ணுகிறோம். அவை நல்லவையே. ஆயினும், ஒரு நாட்டின் பெருமையை மட்டுமன்றி அதன் புண்ணையும் முகம் திருப்பாமல் காண்பதற்கு அதைவிடப் பெரிய துணிவு வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு அல்பேனியா நல்லதோர் எடுத்துக்காட்டு.

கிரேக்க நாட்டுக்கு வடக்கே, கடலுக்கு அப்பால் இத்தாலியைப் பார்த்தவாறு அமைந்த சிறிய நாடு அது. அதன் தென்கோடியில் புத்ரின்ட் என்னும் பழம்பெரும் நகரம் இடிந்து கிடக்கிறது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் கிரேக்க அரங்கம், ரோமர்களின் குளியல் கூடங்கள், கி.பி. 6-ஆம் நூற்றாண்டின் ஞானஸ்நான மண்டபம், வெனிஸ் நகரத்தாரின் கோட்டை ஆகிய யாவும் மரங்களுக்கிடையே அடுத்தடுத்து நிற்கின்றன. மண்டபத் தரையில் பறவைகளும் விலங்குகளுமாக வண்ணக்கற்கள் பதித்த ஓவியம் உண்டு. ஈரத்தால் கெடாதிருக்க அதைப் பெரும்பாலும் மணலால் மூடியே காக்கிறார்கள். கடல்வழி வந்தவர்க்கெல்லாம் இடம் கொடுத்து வளர்ந்த நகரம் அது.

வடக்கே சென்றால் 'சபிக்கப்பட்ட மலைகள்' என்று பெயர் பெற்ற கரடுமுரடான மலைத்தொடர். அங்குள்ள ஜெசெர்ட்சா சிகரம் 2,694 மீட்டர் உயரமுடையது. எடித் டர்ஹம் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, 1908-ஆம் ஆண்டிலேயே இம்மலைகளில் பயணம் செய்து, கண்டவற்றை மறு ஆண்டு நூலாக வெளியிட்டார். மலைவாழ் மக்களிடம் பழிக்குப் பழி வாங்கும் கொடிய வழக்கம் இருந்தது. பழிக்கு அஞ்சியவர்கள் ஒளிந்திருந்த கற்கோபுரம் தெத் என்னும் சிற்றூரில் இன்றும் உள்ளது. ஆனால் அதே மக்கள் 'பெசா' எனப்படும் வாக்குறுதியை உயிரினும் மேலாக மதித்தனர். வாசற்படி மிதித்தவன் எதிரியானாலும் அவனைக் காப்பது அவர்கள் கடமை. இரண்டாம் உலகப் போரின்போது, அடைக்கலம் தேடி வந்த யூதர்களை அல்பேனியர் தம் வீடுகளில் மறைத்துக் காத்தனர். போர் முடிந்தபோது அந்நாட்டில் யூதர்களின் தொகை முன்னைவிடக் கூடியிருந்தது!

இப்படி வாசலைத் திறந்து வைத்த மக்களின் நாட்டையே ஓர் ஆட்சி பூட்டி வைத்தது. 1944 முதல் 1985-இல் இறக்கும் வரை ஆண்ட என்வர் ஹோஜா, எல்லாத் திசையிலும் பகைவரையே கண்டார். காளான் குடை போன்ற கான்கிரீட் பதுங்கு அறைகள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேலாக எழுந்தன. வயலிலும் கடற்கரையிலும் கல்லறைத் தோட்டத்திலும்கூட அவை முளைத்தன. எதிரியோ வரவேயில்லை. 1967-இல் சமய வழிபாடு முற்றிலும் தடை செய்யப்பட்டது. ஷ்கோதர் நகரத்துப் பேராலயம் விளையாட்டுக் கூடமாயிற்று. திரானாவில் மகப்பேறு மருத்துவமனையாக இருந்த இல்லமொன்று, பின்னாளில் மக்களின் பேச்சை ஒட்டுக் கேட்கும் காவல் நிலையமாயிற்று.

அந்தப் பூட்டு அன்னை தெரசாவையும் வருத்தியது. ஸ்கோப்யே நகரில் அல்பேனியக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அவருடைய தாயும் தமக்கையும் திரானாவில் வாழ்ந்தனர். அவர்கள் வெளியே வரவும் முடியவில்லை, அன்னை உள்ளே செல்லவும் முடியவில்லை. தாய் 1972-இலும் தமக்கை 1973-இலும் மறைந்தனர். 1989-இல்தான் அன்னைக்கு அனுமதி கிடைத்தது. உலகத்துப் பிள்ளைகளை அணைத்த கைகளால், தம் தாயின் கல்லறையில் மலர் வைக்க மட்டுமே முடிந்தது. மறு ஆண்டு நவம்பரில் ஷ்கோதர் கல்லறைத் தோட்டத்தில் மீண்டும் வெளிப்படையாகத் திருப்பலி நிறைவேற்றப்பட்டது.

இன்று பதுங்கு அறைகள் சில காட்சியகங்களாகியுள்ளன. ஒட்டுக் கேட்ட அந்த இல்லமும் 2017 முதல் அருங்காட்சியகம். "ஆறிய புண்ணை ஏன் கிளற வேண்டும்? இடித்துத் தள்ளுங்கள்" என்று சொல்வோர் உண்டு. பதுங்கு அறை வடிவில் சாம்பல் கிண்ணம் செய்து பயணிகளுக்கு விற்பதைக் காணும்போது அவர்கள் கோபம் நியாயமாகவே படுகிறது. பிறர் துன்பம் நமக்கு வேடிக்கைப் பொருளாகலாமா?

ஆயினும் இடித்துவிடுவது தீர்வாகாது. அரங்கத்தை மட்டும் காத்து, பதுங்கு அறையை மறைத்தால் வரலாறு பாதிப் பொய்யாகிவிடும். துன்பத்தைச் சுமந்த தலைமுறை மறைந்தபின், அச்சம் ஒரு நாட்டை என்ன செய்யும் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல அந்தச் சுவர்களே மிஞ்சும். மாற வேண்டியது அந்தச் சுவரல்ல, அதன்முன் நிற்கும் நம் மனநிலையே.

தோழியரே, நாளை நீங்கள் எந்த நாட்டுக்குச் சென்றாலும் அதன் கதையைப் படித்துவிட்டுச் செல்லுங்கள். சுவரில் பெயர் கிறுக்காதீர்கள். நிழற்படம் எடுக்குமுன் அங்கு வாழ்ந்தவர்களைச் சற்றே நினையுங்கள். பெற்றோரே, உங்கள் பெண்மக்கள் பயணம் போக விரும்பினால், அச்சத்தால் கதவை அடைத்துவிடாதீர்கள். தக்க துணையோடும் அறிவுரையோடும் அனுப்பி வையுங்கள். திரும்பி வந்தபின், என்ன வாங்கினாய் என்று கேட்பதற்கு முன், என்ன கற்றாய் என்று கேளுங்கள்.